ஊத்தம்மாவின் முறை

முதல் துளி ரேஷன் அரிசி மூட்டையின் மேல் விழுந்தது. நரியூரணியில் மழை பெய்து மூன்று வருஷம் ஆகியிருந்ததால் சேல்ஸ்மேன் அருளானந்து அண்ணாந்து கூரையைப் பார்க்கவில்லை, நேராகச் சுவரைத்தான் பார்த்தார். ஜமீன் போய், ஜமீன் கச்சேரி போய், அந்தக் கட்டடத்துக்கு ரேஷன் கடை வந்த பிறகும் ஆணியை விட்டு இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்த ஆளுயரப் படத்தில், ஒரு பெண் கறுத்த பாறை மேல் நின்று, இரண்டு காது வைத்த மண்குடத்தைச் சாய்த்து, இடுப்பளவு உயரமான தாழி ஒன்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்; தாழியின் அடியில் ஓட்டை; ஓட்டை வழியே ஒழுகிய தண்ணீர் படத்துக்குள்ளேயே பாறை மேல் ஓடி, சட்டத்தின் கீழ்விளிம்பில் வந்து முடிந்துவிடுவதுதான் நூற்று முப்பது வருஷமாக வழக்கம். அன்றைக்கு அது முடியவில்லை. சட்டத்தைத் தாண்டி, தங்கப்பூச்சு உதிர்ந்த மரப்பூக்களின் மேல் வழிந்து, சுவரில் இறங்கி, மூட்டைக்கு வந்துவிட்டது. அருளானந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை. “கர்த்தாவே, நல்ல தண்ணி,” என்று சொல்லிவிட்டு முதல் வேலையாக மூட்டையை நகர்த்தினார்.

எங்கள் ஊரில் நிலத்தடித் தண்ணீருக்குச் சுவை இரண்டுதான், உப்பு, அதைவிட உப்பு. குடிக்க வேண்டுமென்றால் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் ஐந்து பிளாஸ்டிக் குடங்களைப் பொருத்தி, சீமைக்கருவேலங்காட்டு வழியே இரண்டு மைல் தள்ளிக்கொண்டு போய், காய்ந்த ஆற்று மணலில் ஆளுயரம் தோண்டிய ஊற்றில் இறங்கி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ள வேண்டும். ஒரு சிரட்டை அள்ளினால் அடுத்த சிரட்டை ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே சட்டமும் போலீசும் கிடையாது, முறைதான் உண்டு. வீட்டு வரிசைப்படி ஒருத்தி அள்ளி முடித்து ஏறும்போது அடுத்தவள் கையில் சிரட்டையைக் கொடுப்பாள். பிரசவமோ சாவோ காய்ச்சலோ ஒருத்தியை முடக்கினால் அவள் முறையை இன்னொருத்தி அள்ளி அவள் வாசலில் வைத்துவிட்டுப் போவாள், நன்றி சொல்கிற வழக்கமெல்லாம் இல்லை. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் அடுத்தடுத்து வந்துவிட்டால் மட்டும் சிரட்டையைக் கையில் கொடுக்காமல் மணலில் வைப்பார்கள், மற்றவள் குனிந்து எடுத்துக்கொள்வாள். பகையும் கெடாது, முறையும் கெடாது.

அதனால் படத்திலிருந்து தண்ணீர் வருகிறது என்ற செய்தி ஊருக்குள் போனபோது எப்படி என்று ஒருத்தியும் கேட்கவில்லை, ஒரு நாளைக்கு எத்தனை குடம் தேறும் என்றுதான் கேட்டார்கள். ஆண்கள் ஒரு தகரத்தை வளைத்துச் சட்டத்தின் கீழே அடித்து, அதிலிருந்து ஒரு குழாயைக் கடை வாசலுக்கு இழுத்தார்கள். அந்தப் பெண்ணின் திறந்த மார்பை மறைக்க முந்தைய சேல்ஸ்மேன் ஒட்டியிருந்த பழைய மாதக் காலண்டர் ஈரத்தில் பிய்ந்து விழுந்ததும், தூரிகை பட்ட தடமே தெரியாமல் பளிங்கை வழித்தெடுத்தது போலிருந்த அந்த உடம்பைப் பார்த்து ஊர்ப்பெண்கள் இரண்டு நாள் வெட்கப்பட்டார்கள், மூன்றாம் நாள் வெட்கப்பட நேரமில்லாமல் வரிசையில் நின்றார்கள். யாரோ சட்டத்தில் வேப்பிலை செருகினார்கள், அருளானந்து தன் பங்குக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். தண்ணீரைச் சோதிக்க வந்த அதிகாரி புட்டியில் பிடித்துக்கொண்டு போய், குடிக்கத் தகுந்தது, ஆதாரம் தெரியவில்லை, லேசான சாய வாசனை, என்று எழுதி அனுப்பினார். அந்த வாசனை எங்கள் ரசத்தில் இருந்தது, பிள்ளைகளின் தலைமுடியில் இருந்தது, ஒரு மாதத்தில் அது இல்லாத தண்ணீர் எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

சீனி வாங்க வந்த லூர்து டீச்சர்தான் சட்டத்தின் கீழே இருந்த பித்தளைத் தகட்டைத் துடைத்து வாசித்தார். புதுச்சேரியில் படித்தவர், பிரெஞ்சு தெரியும்.

“இவ கிரேக்க தேசத்து ராசா மக. அம்பது அக்கா தங்கச்சி. அப்பன் பேச்சைக் கேட்டுக் கல்யாணத்தன்னைக்கே நாப்பத்தொம்பது பேரு கட்டினவனைக் கொன்னுட்டாளுக. அதுக்குத் தண்டனை, செத்த பெறகு இந்தத் தாழியை ரொப்பணும். ரொம்பினா விடுதலை.”

“அடியில ஓட்டையில்ல இருக்கு?”

“அதான் தண்டனை.”

வரிசையின் முன்னால் நின்ற பஞ்சவர்ணம் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்தாள். எங்கள் ஊரில் வாய் அதிகம் உள்ளவள் அவள்தான். புருஷன் செங்கல் சூளைக்கு வெளியூர் போய்விட, மகன் திருப்பூருக்குப் போய்விட, ஒரு கோழியோடும் ஒரு ஆட்டோடும் குடியிருந்தவள்.

“கட்டினவனுக என்ன பண்ணித் தொலைச்சானுகளோ, அது கெடக்கட்டும் டீச்சர். தண்டனை நாப்பத்தொம்பது பேருக்குன்னீக. மத்த நாப்பத்தெட்டுப் பேரு எங்க?”

டீச்சர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். வரைந்தவர் ஒருத்தியைத்தான் வரைந்திருந்தார்.

“முறை போட்டிருந்தா ஆளுக்கு ஒரு நா வந்துட்டுப் போயிருக்கலாம்ல? இவளை மட்டும் விட்டுட்டு எங்கடி போனாளுக?”

கதையில் இருந்த கொலை எங்கள் பெண்களுக்குப் பெரிதாகப் படவில்லை, முறை போடாததுதான் பெரிதாகப் பட்டது. அன்றையிலிருந்து அவளுக்கு ஊத்தம்மா என்று பேர் வந்தது. பேர் வந்த பிறகு அவளைப் பார்க்காமல் குடம் பிடிக்க யாராலும் முடியவில்லை. கார்த்திகை பிறந்தபோது அவள் வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்ததை முதலில் கண்டவர்களும் பெண்களே. தண்ணீர் மெலிந்தது. தோள் எப்படி இறங்கும், இறங்குவதற்கு முன்னால் எங்கே வலிக்கும், வலியை மறைக்க இடுப்பை எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த அறுபத்தொரு வீட்டுப் பெண்களும், தங்கள் குடம் நிறைகிற ஒவ்வொரு முறையும் அவள் கையைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு நிலைகொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாமாயில் வாங்க வந்த பஞ்சவர்ணம் அரிசி மூட்டை மேல் ஏறி நின்று, ஊற்றில் நீட்டுவது போலவே கையை நீட்டி, “கொண்டா தாயி, செத்த நேரம் உக்காரு,” என்றாள். அது யோசித்துச் செய்ததல்ல, கையின் பழக்கம். குடத்தின் ஒரு காது அவள் விரலில் மாட்டியதும் அவள் படத்துக்குள் பாறை மேல் நின்றாள், ஊத்தம்மா மூட்டை மேல் நின்றாள். தண்ணீர் பழையபடி தடித்து விழுந்தது. அருளானந்து பில் போடுவதை நிறுத்தி, உள்ளே ஓடி, தன் துண்டை எடுத்து வந்து ஊத்தம்மாவின் தோளில் போர்த்தினார். சேலை கட்டிவிட ஆள் வரும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரி போய்க் குடத்தை வாங்கியதும் பஞ்சவர்ணம் வெளியே வந்தாள். அங்கே பசிக்கவில்லை, வேர்க்கவில்லை, ஒரு வாசனையும் இல்லை, பாறைக்குப் பின்னால் வேறே வேறே தாழிகளில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது, ஆளைத்தான் காணோம் என்றாள். குடத்தை இறக்கி வைக்கக் கை வராது, குடம் கையில் இருக்கும்வரை காலும் நகராது, வாங்க ஒரு கை வந்தால்தான் உண்டு என்றும் சொன்னாள். அவ்வளவு போதுமாயிருந்தது. அரிசி, சீனி, பருப்பு இருப்பு எழுதுகிற கரும்பலகையில் அருளானந்து கடைசி வரியாக முறை என்று ஒன்றைச் சேர்த்து, வீட்டு வரிசைப்படி தினம் ஒரு பேரைச் சாக்கட்டியால் எழுத ஆரம்பித்தார். தண்ணீர் குறையவே இல்லை. உள்ளே போன பெண்ணின் வீட்டில் அன்றைக்குச் சமைக்க வேறொருத்தி போனாள், அதற்கும் நன்றி சொல்கிற வழக்கம் வரவில்லை.

ஊத்தம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உட்காரச் சொன்னால் உட்காரத் தெரியவில்லை. தெருத் தெருவாக நடந்தாள், நடக்கும்போதும் கை சாய்ந்து நிமிர்ந்து சாய்ந்து நிமிர்ந்து வெறுங்காற்றை ஊற்றிக்கொண்டே போனது. குடிக்கச் செம்பில் தண்ணீர் கொடுத்தால் பக்கத்தில் இருக்கிற குண்டானில் ஊற்றினாள், குண்டானை எடுத்து வாளியில் ஊற்றினாள். யாருக்காவது குடம் பிடித்துக் கொடுக்க நிறுத்தினாலும், குடம் முக்கால் ஆனவுடன் முகம் மாறி விலகிப் போய்விடுவாள். மீதியைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இந்த வரிசையில் பஞ்சவர்ணத்துக்கு அடுத்த பேர் சேதுராக்கு. இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊற்றில் பஞ்சவர்ணம் அள்ளி முடித்து ஏறும்போது அடியைக் கலக்கிவிட்டாள், அடுத்து இறங்கிய சேதுராக்குவுக்குச் சேறுதான் கிடைத்தது, அன்றைக்கு அவள் சின்ன மகள் காய்ச்சலில் கிடந்தாள். கை தவறிவிட்டது என்றாள் பஞ்சவர்ணம். வேண்டுமென்று செய்தாள் என்றாள் சேதுராக்கு. அதிலிருந்து இருவரும் ஒருத்திக்கொருத்தி சொல்ல வேண்டியதை அவரவர் ஆட்டிடம்தான் சொல்லிவந்தார்கள். “சில பேரு வீட்டுப் பொகை எங்கிட்டுப் போகுதுன்னு கேளு,” என்று இந்தப் பக்கம் ஒருத்தி ஆட்டைக் கேட்டால், “பொகை வந்தா மூக்கைப் பொத்திக்கிறச் சொல்லு,” என்று அந்தப் பக்கத்து ஆட்டுக்குப் பதில் வரும். முதல் சுற்றில் பஞ்சவர்ணம் யாரையும் கேட்காமல் முந்திக்கொண்டதால், அடுத்து நின்றது எதிர்வீட்டுக்காரி. அறுபத்தொரு வீடும் ஒரு சுற்று முடிந்து, தை மாதத்தில் பஞ்சவர்ணத்தின் பேர் மறுபடி வந்தது. அவள் காலையில் போய்க் குடத்தை வாங்கிக்கொண்டாள். அதே நாள் பகல் பதினொரு மணிக்கு ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது.

ஐந்து வருஷமாக வெறும் சிமெண்டுக் கட்டையாக நின்ற குழாய்கள் சீறிவிட்டு, துருவைத் துப்பிவிட்டு, வெள்ளையாகக் கொட்டின. ஊரே தெருவில் நின்றது. மறுநாள் காலை கடைக்கு யாரும் குடம் கொண்டுபோகவில்லை. பலகையில் சேதுராக்கு என்று எழுதியிருந்தது, அவளும் போகவில்லை.

“குழாய் வந்த பெறகு முறை ஏது?” என்றாள் பிள்ளைகளின் தலையைத் துவட்டியபடி. சரிதானே என்றோம் நாங்கள். ஆனால் ஒன்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இனிமேல் உள்ளே போகிறவளை மாற்ற யாரும் வரப்போவதில்லை. அது சேதுராக்குவின் முறை, எங்கள் முறை இல்லை என்பதால், அதற்கு மேல் யோசிக்காமல் இருக்க எங்களால் முடிந்தது.

பஞ்சவர்ணம் ஊற்றிக்கொண்டேயிருந்தாள். யாரும் பிடிக்காத தண்ணீர் வாசல் வழியே ஓடி, தெருவில் தேங்கி, கருவேலங்கன்றுகளுக்குப் பாய்ந்தது. ஊத்தம்மா தினமும் கடை வாசல்வரை வருவாள், திரும்பிவிடுவாள், மறுபடி வருவாள். அவளை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை. சேதுராக்கு அவளைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தீனி போட ஆளில்லாமல் கோழி கத்தியது. சேதுராக்கு சுவர் மேல் கையை நீட்டிக் கம்பு மணிகளை இறைத்தாள். அவிழ்ந்து வந்த ஆட்டைத் தன் ஆட்டோடு சேர்த்துக் கட்டினாள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிறைந்து வழிவதைப் பார்க்காமல் நின்றாள், சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தாள், ஒரு வேலையை எடுத்தால் இன்னொரு வேலைக்கு நடுவில் நின்றாள். “நான் போயி நின்னா எம் பிள்ளைகளை யாரு பாப்பா?” என்று ஆட்டைக் கேட்டாள். இப்போது அவள் பக்கத்தில் இரண்டு ஆடுகள் இருந்தன, இரண்டும் பதில் சொல்லவில்லை.

பதினோராம் நாள், ரேஷன் கடை புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது, திங்கட்கிழமை பழைய கச்சேரிக் கட்டடத்துக்குப் பூட்டு என்று ஆர்டர் வந்தது. சனிக்கிழமை முற்பகல் அருளானந்து மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, சேதுராக்கு கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு வந்து நின்றாள். பிள்ளைகளை லூர்து டீச்சர் வீட்டில் விட்டிருந்தாள்.

“அண்ணே, எம் பேரை எழுது.”

“பதினோரு நாளா உம் பேருதான் தாயி இருக்கு. நான் அழிக்கல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “உனக்கு அடுத்து யாரு?”

“அது அவுகவுக முறை.”

மிச்சமிருந்த நாலு மூட்டை மேல் ஏறினாள். அதற்குள் விஷயம் பரவி வாசல் நிறைய நாங்கள் கூடிவிட்டோம். பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, பஞ்சவர்ணத்தின் கறுத்த உடம்பில் அந்தப் பளிங்கு வழவழப்பு ஏறியிருந்தது, பழைய எண்ணெய்ச் சாயம் வெடிப்பது போல அவள் கழுத்தில் நூல் நூலாக வெடிப்பு ஓட ஆரம்பித்திருந்தது.

“கொண்டா,” என்றாள் சேதுராக்கு. ஆறு வருஷத்தில் ஆட்டிடம் சொல்லாமல் நேராகச் சொன்ன முதல் சொல்.

“யாரு, சின்னவளா? கொழாயில தண்ணி நின்னுபோச்சா?”

“வருது.”

“அப்ப எதுக்கு வந்த?”

“முறை.”

“பெரிய முறை. உனக்குப் பின்னால எவ வருவா? அந்தா நிக்கிறாளுகளே, அவளுகளா?” எங்களைப் பார்க்காமலே எங்களைக் காட்டினாள். “பிள்ளைக்காரி. போடி வீட்டுக்கு.”

“குடுன்னா குடு அக்கா.” சேதுராக்கு குடத்தின் மற்றக் காதைப் பிடித்தாள். பஞ்சவர்ணம் தன் காதை விடவில்லை. குடம் இருவருக்கும் நடுவில் நின்றது, தண்ணீர் தாழிக்குள் பாதியும் வெளியே பாதியுமாகச் சிந்தியது.

“கோட்டி பிடிச்சவளே, நான் யாருன்னு நெனச்சு மாத்த வந்த? அன்னைக்கு ஊத்தைக் கலக்கினது கை தவறி இல்ல. வேணும்னேதான் கலக்கினேன். கேட்டுக்கிட்டியா? இப்பப் போ.”

“எம் பிள்ளைக்கு அன்னைக்கு நூத்தி மூணு,” என்றாள் சேதுராக்கு.

“தெரியும்.”

“தெரிஞ்சேவா?”

“உம் மூத்தவளுக்குக் காது குத்துனப்ப என்னைய மூணாம் பந்தியில உக்கார வச்சேல்ல? அதுக்கு.”

“மூணாம் பந்தியா?” சேதுராக்குவின் குரல் கச்சேரிக் கூரையில் போய் இடித்தது. “எல பத்தல! நம்ம மாமியாரே மூணாம் பந்திதான்! நானே அன்னைக்குத் தின்னல!”

“எனக்கு யாரு சொன்னா?”

“நீ கேட்டியா? ஒரு வார்த்த கேட்டியா? ஒரு எலைக்காக எம் பிள்ளைக்குச் சேத்துத் தண்ணியா? வெளிய வா. உன்னைய இங்க வச்சுக் கேக்க முடியாது. ஊரு நடுவுல வச்சுக் கேக்கணும். வாடி வெளிய!”

ஆத்திரத்தில் அவள் இழுத்தாள். பெரிய அண்டாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்குவது போலத்தான் இருந்தது அது. ஒருத்தி கொடுத்து முடிக்கவும் இல்லை, ஒருத்தி வாங்கி முடிக்கவும் இல்லை, யாரைப் பிடித்து வைப்பது என்று படத்துக்குத் தெரியவில்லை. பாறையை விட்டுப் பஞ்சவர்ணத்தின் கால் பெயர்ந்தது. இருவரும் குடமுமாக அரிசி மூட்டைகள் மேல் விழுந்து, அங்கிருந்து தரைக்கு உருண்டு, உருளும்போதும் மூணாம் பந்தியைப் பற்றிப் பேசிக்கொண்டே உருண்டார்கள். இரண்டு மாதத்துக்கு மேலாகக் கையிலிருந்து கைக்குக் குடத்தை மாற்றிக்கொண்டிருந்த நாங்கள் வாயைத் திறந்தபடி நின்றோம். குடத்தையே வெளியே கொண்டுவரலாம் என்று ஒருத்திக்கும் தோன்றியதில்லை. கொடுத்து வாங்குவதுதான் முறை என்று அவ்வளவு திடமாக இருந்தோம்.

படத்தில் பாறையும் தாழியும் மட்டும் இருந்தன. கடைசித் தண்ணீர் ஓட்டை வழியே இறங்கி, சட்டத்தில் சொட்டி, நின்றது. வாசலில் ஊத்தம்மா நின்றாள். தரையில் கவிழ்ந்து கிடந்த குடத்தைப் பார்த்தாள், காலிப் பாறையைப் பார்த்தாள், மறுபடி குடத்தைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தோம்.

மாசி முடிவதற்குள் குழாய் நின்றது. எங்கேயோ மோட்டார் எரிந்துவிட்டது என்றார்கள், பிறகு எங்கேயோ குழாய் உடைந்துவிட்டது என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் பூட்டிய கச்சேரியைத் திறந்து குடங்களோடு படத்தின் முன்னால் நின்றோம். தாழிக்குள் தூசி படிந்திருந்தது. முதல் நாள் பஞ்சவர்ணத்தைத் திட்டினோம், இரண்டாம் நாள் சேதுராக்குவைத் திட்டினோம், மூன்றாம் நாள் ஊத்தம்மாவைப் பார்த்தோம். குடத்தை எடுத்துக்கொண்டு அவள் தன் இடத்துக்குப் போனால் என்ன என்று யாரோ கேட்டார்கள். யார் கேட்டது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கூட்டமாக நாங்கள் போனபோது ஓரகத்திகள் இருவரும் சுவரடியில் நின்று, ஒற்றைச் சுவரின் மேல் யார் கூடுதலாகச் சாணி தட்டியது என்று நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“குடமா?” என்றாள் பஞ்சவர்ணம். “அந்தா இருக்கு, எடுத்துக்கங்க.”

குடம் சுவரோரம் வைக்கோலில் சாய்ந்து கிடந்தது. உள்ளே பஞ்சவர்ணத்தின் கோழி அடை உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்துச் சிலிர்த்தது.

“பதினோரு முட்டை,” என்றாள் சேதுராக்கு. “கை வைக்கிறவ வைங்கத்தா.”

அடைக்கோழியைக் கலைக்கிற துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை. பிறகு ஒருத்தி தன் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட வீட்டுக்குப் போனாள். பிறகு எல்லோரும் போனோம்.

ஊற்று தூர்ந்திருந்தது, மறுபடி தோண்டினோம். புதுக் கடைக்குப் போன அருளானந்து வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார், அறுபத்தொரு பேருக்குக் கீழே அறுபத்திரண்டாவதாக ஒன்று இருந்தது. அந்த முறை வந்த அன்று பஞ்சவர்ணமும் சேதுராக்குவும் வண்டியை ஆளுக்கொரு பக்கம் தள்ள, ஊத்தம்மா நடுவில் நடந்தாள், கை சாய்ந்து நிமிர்ந்துகொண்டுதான் இருந்தது. ஊற்றில் இறங்கியதும் முந்தையவள் சிரட்டையை அவள் கையில் கொடுத்தாள். ஊத்தம்மா அள்ளினாள், குடத்தில் ஊற்றினாள், மறுபடி குனிந்தாள். அள்ள ஒன்றும் இல்லை.

“பொறு தாயி,” என்றாள் மேலேயிருந்து பஞ்சவர்ணம். “ஊறட்டும்.”

மணல் கறுத்தது, மினுங்கியது, ஒரு சிரட்டை அளவுக்குத் தேங்கியது. அள்ளினாள். காத்திருந்தாள். அள்ளினாள். வெயில் ஏறியது. குடம் முக்கால் ஆனபோது அவள் முகம் மாறி எழுந்தாள், குழிக்குள் போக இடம் இல்லை, மறுபடி உட்கார்ந்தாள். ஒரு சிரட்டை. இன்னொரு சிரட்டை. கடைசிச் சிரட்டையை ஊற்றியபோது தண்ணீர் குடத்தின் வாயில் விளிம்புக்கு விளிம்பு நின்று, நடுங்கி, நின்றது. ஊத்தம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடத்தை இரண்டு கையாலும் கொஞ்சம் தூக்கி, முழங்காலில் தாங்கிக்கொண்டு, ஒரு உள்ளங்கையை அடியில் விட்டுச் சுற்றிலும் மெதுவாகத் தடவினாள். கையை வெளியே எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள். காய்ந்த மணல்தான் ஒட்டியிருந்தது.

“தடவுனது போதும், ஏறு தாயி,” என்றாள் சேதுராக்கு கையை நீட்டி. “அடுத்தவ நிக்கிறா.”